நாற்பது பெட்டி டாலர்

டிக்கெட்டுக்கு நீங்க சில்லறையாக் குடுத்த பத்து ரூபா உங்களுக்குத் தரணும் அண்ணாச்சி, மறக்க மாட்டேன். நாகர்கோவில்ல வண்டி நிக்கும்லா, அங்க டீ குடிச்சிட்டு மாத்தித் தந்துருதேன். ஐநூறு ரூபாத் தாளை நீட்டினா இந்தக் கண்டக்டர் பாக்குத பார்வை இருக்கே, நான் என்னமோ வீட்டுல அச்சடிச்சுக் கொண்டுவந்த மாதிரி.

நீங்களும் திருநெல்வேலிதானா? நல்லதாப் போச்சு. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம எனக்கு ஆவாது.

நான் அமெரிக்காவுல இருந்து வாரேன். பேரு கோமதிநாயகம். சொந்த ஊரு சங்கரன்கோயில் பக்கம். காலைல அஞ்சரைக்குத் திருவனந்தபுரத்துல இறங்குனேன். எதுல வந்தேன்னு கேளுங்க. பிசினஸ் கிளாஸ். ஒரு பொத்தானை அமுக்குனா சீட்டு அப்படியே கட்டில் மாதிரி நீண்டுரும். போர்வை, தலையணை, காலுக்குச் செருப்பு வரைக்கும் தாரான். மூணு லட்சம் ரூபா டிக்கெட்டு. நான் குடுத்தது வரி மட்டும்தான், ரெண்டாயிரத்துச் சொச்சம். மிச்சம் பூரா பாயிண்ட்.

அப்புறம் ஏன் பஸ்ஸுல வாரேன்னு பாக்கீங்க. டாக்சிக்காரன் நாலாயிரம் கேக்கான் அண்ணாச்சி. டாக்சிக்குப் பாயிண்ட் செல்லாதே.

பாயிண்ட்னா கிரெடிட் கார்டுல வாரது. ஒரு டாலர் செலவழிச்சா ஒரு பாயிண்ட் தருவான். அதைச் சேத்து வச்சா விமானத்துல சும்மா போவலாம். ஆனா நம்ம வீட்டுல என்ன பெரிய செலவு? அரிசி, பருப்பு, பெட்ரோல். மாசம் ஆயிரத்தைநூறு டாலர் தேய்க்கதுக்கே கஷ்டம். அப்பத்தான் எனக்கு ஒரு வழி கிடைச்சுது. இப்போ நாலரை வருஷத்துக்கு மேல ஆச்சு.

அங்க அரசாங்கம் ஒரு டாலருக்குக் காசு அடிச்சு வச்சிருந்தான். தங்கம் மாதிரி மஞ்சளா இருக்கும். ஆனா ஜனங்க வாங்க மாட்டேங்கு. தாள்தான் வேணும்னு நிக்கு. சரி, காசு புழக்கத்துக்கு வரட்டும்னு அரசாங்கம் தபால்ல வித்தான். இருநூத்தைம்பது காசு ஒரு பெட்டி. இருநூத்தைம்பது டாலர் கட்டினா போதும், தபால் செலவு அவனோடது. கிரெடிட் கார்டும் வாங்கிக்கிடுவான். புரிஞ்சுதா? நான் கார்டுல பத்தாயிரம் டாலருக்குக் காசு வாங்குவேன். நாப்பது பெட்டி வீட்டுக்கு வரும். அந்தக் காசை அப்படியே பேங்குல போட்டு கார்டுக் கடனைக் கட்டிருவேன். கையை விட்டு ஒரு பைசா போவல. பத்தாயிரம் பாயிண்ட் மட்டும் நம்ம கணக்குல நிக்கும். அடுத்த மாசம் மறுபடியும்.

தப்பே கிடையாது. சட்டப்படி எல்லாம் சரி. சும்மா உக்காந்து டி.வி. பாக்கவனுக்கு இதெல்லாம் தோணாது.

ஒரே ஒரு சங்கடம், கனம். ஒரு பெட்டி ரெண்டு கிலோ. நாப்பதுன்னா எண்பது கிலோ. பேங்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சாத்திருவான், எனக்கு ஆபீஸ் விட ஆறாயிரும். அதனால அந்த வேலையை வடிவு பாத்தா. வடிவு என் வீட்டுக்காரி. சண்முகவடிவு. வள்ளியூர்ப் பொண்ணு. இந்த வண்டி வள்ளியூர் வழியாத்தான் போவும், வரும்போது காட்டுதேன்.

அவளுக்கு அங்க வேலைக்குப் போவ விசா கிடையாது. நாள் பூரா வீட்டுக்குள்ள. பெண்டாட்டியை இப்படி அடைச்சு வச்சிருக்கியேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரக் கூடாதுல்லா. நான்தான் கார் ஓட்டக் கத்துக்குடுத்தேன். ஒரே வாரம். பேங்குக்குப் போவ, வர. ஒரு பேங்குல மொத்தமாப் போட்டா சந்தேகப்படுவான்னு அஞ்சு கிளைக்குப் பிரிச்சு, எந்த நாள் எங்கன்னு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருந்தேன். சக்கரம் வச்ச சூட்கேஸ்ல பத்துப் பெட்டி வச்சு இழுத்துட்டுப் போவா. பனி பெய்யும் பாத்துக்கிடுங்க, எங்க ஊரு ஒஹையோ. பனியில சக்கரம் உருளாது. தூக்கிக்கிட்டுத்தான் போவணும். போவா. எதுவும் சொல்ல மாட்டா. அவகிட்ட எனக்குப் பிடிச்சதே அதுதான்.

ஒரு நாள் பேங்குல கவுண்டர்ல இருந்த வெள்ளைக்காரி இவகிட்ட ஒரு துண்டுச் சீட்டைக் குடுத்திருக்கா. வீட்டுல யாராவது உன்னைக் கொடுமைப்படுத்தினா இந்த நம்பருக்குப் போன் பண்ணுன்னு. எனக்குச் சிரிப்பு தாங்கல அண்ணாச்சி. ஆபீஸ்ல எல்லாருகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். அந்தக் கிளையைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டேன்.

இப்படியே ரெண்டரை வருஷத்துல மூணே கால் லட்சம் பாயிண்ட். எல்லாம் வடிவோட உழைப்புன்னு நானே சொல்லியிருக்கேன். நான் நன்றி மறக்குத ஆள் இல்ல.

அவ அப்பா ஆவுடையப்பன், டெலிபோன் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. கம்பத்துல ஏறி ஏறி முட்டு ரெண்டும் போச்சு. ஞாயித்துக்கிழமை தோறும் மகளுக்குப் போன் பண்ணுவாரு. என்ன பேசுவாருன்னு நினைக்கீங்க? மழை பெஞ்சுதா, என்ன குழம்பு வச்சே, பால்காரன் தண்ணி ஊத்துதான். அதுக்கு முக்கா மணி நேரம். அந்தப் பணத்தை மிச்சம் பிடிச்சா வருஷத்துக்கு ஒரு பவுன் வாங்கலாம்னு நான் சொல்லிப் பாத்தேன். கேக்கல.

அந்த வருஷம் நவம்பர்ல, ஒரு வியாழக்கிழமை காலைல, நான் ஆபீஸ் கிளம்புத நேரம், மச்சினன் குத்தாலிங்கம் போன் பண்ணுதான். "அத்தான், அப்பாவுக்குத் தலையில ரத்தக்குழா வெடிச்சிருச்சு. நாகர்கோவில்ல பெரிய ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். நினைவு வருது, போவுது. அக்கா பேரைத்தான் சொல்லுதாரு. அவளை உடனே கிளப்பி விடுங்க"ன்னான்.

நான் பதறல. பதறுனா காரியம் ஆவாது. ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். அன்னைக்குச் சாயங்காலமே ஒரு விமானம் இருந்துச்சு. காசு குடுத்தா ரெண்டாயிரத்து நூறு டாலர். அதுவும் பின்னால, கக்கூஸ் பக்கத்துச் சீட்டு. பாயிண்ட்ல பாத்தா, திங்கக்கிழமை பிசினஸ் கிளாஸ் கிடக்கு. அறுபதாயிரம் பாயிண்ட், வரி நாப்பத்து மூணு டாலர். நீங்களே சொல்லுங்க. மூளை இருக்கவன் எதை எடுப்பான்?

வடிவு பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "அத்தான், இன்னைக்கே போறேன்"ன்னா.

"நாலே நாள். டாக்டர்மாரு பாத்துக்கிட்டுத்தான இருக்காங்க. நீ போயி என்ன ஆபரேஷனா பண்ணப் போறே?"

"பணம் இருக்குல்லா"ன்னா.

"எங்க இருக்கு?"

ஹாலைக் கையைக் காட்டுதா. அந்த வாரம் நாப்பது பெட்டி வந்து இறங்கியிருந்துச்சு. சோபா பக்கத்துல அடுக்கி வச்சிருந்தோம். "ஒன்பது பெட்டி எடுத்தா டிக்கெட்டுக்கு ஆயிரும்"ங்கா. ஒன்பது பெட்டி. கணக்கு போட்டிருக்கா பாருங்க.

நான் பொறுமையாத்தான் விளக்குனேன். "வடிவு, அது நம்ம காசு இல்ல. அது கார்டுக்காரன் காசு. இருபத்திரெண்டாம் தேதிக்குள்ள திரும்பக் கட்டணும். அதுல கை வச்சா கணக்கே கலைஞ்சிரும்"னு. பேங்குல சேமிப்பு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. முப்பத்தோராயிரம். ஆனா அது வேற அண்ணாச்சி. அது தொடக் கூடாத பணம். தொட ஆரம்பிச்சா அது சேமிப்பா?

அவ அந்தப் பெட்டிங்க பக்கத்துலயே தரையில உக்காந்துட்டா. நான் டிக்கெட்டைப் போட்டேன்.

சாயங்காலம் குத்தாலிங்கம் மறுபடியும் போன். அவன் அங்க மாமா காதுல போனை வச்சான், நான் இங்க ஸ்பீக்கர்ல போட்டேன். மாமாவுக்கு வாய் ஒருபக்கம் கோணிட்டு, பேச்சு குழறுது. "எப்பம்மா வாரே"ன்னு கேட்டாரு. அவ திரும்பி என் முகத்தைப் பாத்தா. யாராவது சொல்லணும்லா. நான்தான் சொன்னேன், "மாமா, திங்கக்கிழமை கிளம்புதா. பிசினஸ் கிளாஸ்ல வாரா"ன்னு. நம்ம மாப்பிள்ளை நம்ம பிள்ளையை எப்படி வச்சிருக்கான்னு அந்த நேரத்துலயாவது அவருக்கு ஒரு நிம்மதி வரட்டும்னுதான். அவரு என்னமோ சொன்னாரு. புரியல.

வெள்ளிக்கிழமை பூரா அழுதுக்கிட்டே கிடந்தா. சாப்பிடல. இப்படியே விட்டா படுத்துருவான்னு எனக்குப் பயம். மனசுக்கு வேலை குடுத்தாத்தான் துக்கம் ஆறும்பாங்க. அதனால சனிக்கிழமை காலைல எழுப்பி, "பேங்கு மத்தியானம் வரைக்கும் இருக்கு, அந்த நாப்பது பெட்டியையும் போட்டுட்டு வந்துரு. நீ போயிட்டா யாரு போடுவா?"ன்னேன். என் இடுப்பு வலி உங்களுக்குத் தெரியாது. நான் தூக்கக் கூடாது.

எழுந்து போனா. நாலு நடை. சூட்கேசை நிரப்பி, இழுத்துட்டுப் போயி, காலி பண்ணிட்டு வந்து, மறுபடியும் நிரப்பி. ஊருக்குக் கொண்டுபோவவும் அதே சூட்கேஸ்தான், அதனால கடைசி நடை முடிஞ்சதும் ஈரத்தைத் துடைச்சிட்டு, துணியை எடுத்து அதுல வச்சா. நான் சொன்னேன் பாருங்க, வேலை குடுத்தா அழுகை நின்னுரும். நின்னுட்டு.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணி இருக்கும். அவ குளிச்சிட்டு இருந்தா. குத்தாலிங்கம் என் போனுக்குப் பண்ணுதான். மாமா போயிட்டாரு.

நான் வராந்தாவுக்குப் போயி கதவைச் சாத்திட்டுப் பேசுனேன். அவன் அழுதுக்கிட்டே, "அக்கா வாரது வரைக்கும் ஐஸ்ல வச்சிருக்கோம் அத்தான், புதன்கிழமை எடுத்துக்கிடுவோம்"ங்கான். நான் யோசிச்சேன். மூணு நாள் ஐஸ் பெட்டி வாடகை, வந்த சொந்தக்காரங்களுக்கெல்லாம் சாப்பாடு. அந்தச் செலவு அவன் தலையிலதான் விழும். பாவம், பால் பூத் வச்சிருக்க பையன். அதோட இவ வந்து அந்த முகத்தைப் பாத்து என்ன ஆவப்போவுது? நான்தான் முடிவெடுத்தேன். "அக்காவே சொல்லிட்டா, வைக்க வேண்டாம், நாளைக்கே எடுத்துருங்க"ன்னேன். அவன் ரெண்டு தடவை கேட்டான், "அக்காவா சொன்னா, அக்காவா சொன்னா"ன்னு. ஆமான்னேன்.

வடிவுகிட்ட சொல்லல. ஏன்னு கேளுங்க. சொன்னா அவ போவ மாட்டேன்னு கிடந்துருவா, இல்ல பாதி வழியில மயங்கி விழுந்துருவா. வாழ்க்கையில முதல் தடவை பிசினஸ் கிளாஸ்ல போறா. அழுதுக்கிட்டே போனா அந்தச் சீட்டுல உக்காந்தும் சுகம் இல்ல. அறுபதாயிரம் பாயிண்ட் அண்ணாச்சி. நல்லா சாப்பிட்டு, காலை நீட்டித் தூங்கிட்டு, தெம்பாப் போயி இறங்கி அப்புறம் தெரிஞ்சுக்கிடட்டும்னு நினைச்சேன். பெத்த தகப்பன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்.

குளிச்சிட்டு வந்து, "யாரு போன்ல?"ன்னா. "குத்தாலிங்கம். மாமா அப்படியேதான் இருக்காரு"ன்னேன். அது பொய்யில்ல. அதுக்கு மேல அவருக்கு என்ன மாறப்போவுது? அதைக் கேட்டதும் அவ முகம் தெளிஞ்சிட்டு. ரெண்டு நாளுக்கு அப்புறம் அடுப்பைப் பத்த வச்சா.

திங்கக்கிழமை நான்தான் ஏர்போர்ட்டுல கொண்டு விட்டேன். திருவனந்தபுரத்துல இறங்கி இதே பஸ்ஸுல போயிருன்னு சொல்லி ஐநூறு ரூபாயும் குடுத்தேன். கைல போன் கிடையாது. இறங்கி, பஸ் ஏறி, புதன்கிழமை பத்து மணிக்கு வள்ளியூர்ல இறங்கியிருக்கா. திங்கக்கிழமை எடுத்தாச்சு, செவ்வாக்கிழமை பால் ஊத்திச் சாம்பல் அள்ளுத காடாத்தும் முடிஞ்சிட்டு. வாசல்ல பந்தலைப் பிரிச்சுக்கிட்டு இருந்திருக்கானுவ. குத்தாலிங்கம் மொட்டைத் தலையோட வெளியில வந்திருக்கான். இவ கைல விமானத்துல சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்குத சின்ன சாக்லேட் பெட்டி. அப்பாவுக்குப் பல்லு இல்ல, இது வாயில வச்சா கரையும்னு திங்காம எடுத்துட்டு வந்திருக்கா.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? குத்தாலிங்கம்தான் அன்னைக்குப் போன் போட்டு ஒண்ணொண்ணாச் சொல்லிக் கத்துனான். "அக்கா அந்தப் பெட்டியை நீட்டிக்கிட்டே நிக்கா அத்தான், எம் மண்டையைப் பாத்துக்கிட்டு நிக்கா, கையை மடக்க மாட்டேங்கா"ன்னு. துக்க வீடு, ஏதோ பேசுதான்னு நான் பொறுத்துக்கிட்டேன்.

அவ திரும்பி வரல. ஒரு மாசத்துல வாரதுக்கும் சேத்துத்தான் சீட்டு போட்டிருந்தேன். வரல. போன் பண்ணுனா எடுக்கல. நான் போயிக் கூப்பிட்டா வந்துருவான்னு எனக்குத் தெரியும். ஆனா பாயிண்ட்ல சீட்டு கிடைக்கணும்லா. மார்ச் மாசம்தான் கிடைச்சுது.

போனேன். வள்ளியூர்ல அவங்க வீட்டுல வச்சுப் பேசுனோம். குத்தாலிங்கம் வாசல்லயே நின்னான், உள்ள வரல. அவ எதிர்ல நாற்காலியில உக்காந்தா. மெலிஞ்சிருந்தா. நான் எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். எதை எதை என்ன காரணத்துக்குப் பண்ணுனேன், அன்னைக்கு டிக்கெட்டு என்ன விலை, எல்லாம். அவ முழுசும் கேட்டா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் சப்பாத்தி போட்டேன். நீங்க நாலு சாப்பிட்டீங்க. அஞ்சாவதுக்குத் தட்டை நீட்டுனீங்க. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்னேன். பின்ன என்ன சொல்ல? எனக்குப் பொய் சொல்லுத பழக்கம் கிடையாது.

"சரி"ன்னா. எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவ்வளவுதான் பேச்சு. அத்தான்னு ஒரு தடவைகூடக் கூப்பிடல, அதை அப்புறம்தான் கவனிச்சேன்.

அடுத்த ரெண்டு மாசத்துல விவாகரத்து நோட்டீஸ் வருது. அந்த வருஷம் எனக்கு நேரமே சரியில்ல அண்ணாச்சி. அதே கோடைக்குத்தான் அரசாங்கம் காசு விக்கதுல கிரெடிட் கார்டு இனி செல்லாதுன்னு நிப்பாட்டிட்டான். எவனோ பத்திரிகையில எழுதிக் கெடுத்துட்டான். அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. சொல்லப்போனா அழுதுட்டேன்.

இப்ப கேசு திருநெல்வேலி குடும்ப கோர்ட்டுல நடக்கு. நாளைக்கு வாய்தா. அதுக்குத்தான் வந்திருக்கேன். சீட்டு கிடைச்ச வாய்தாவுக்கெல்லாம் நேர்ல வாரேன். ஆனா ஜட்ஜு குடுக்குத தேதிக்குப் பல தடவை பாயிண்ட் சீட்டு இருக்காது. அப்ப வக்கீலை விட்டு உடம்பு சரியில்ல, ஆபீஸ்ல லீவு இல்லன்னு சொல்லித் தள்ளிப் போடுவேன். ஏழு தடவை தள்ளியாச்சு. அவ ஏழு தடவையும் காலைல பத்து மணிக்கெல்லாம் வந்து சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில உக்காந்திருப்பாளாம். வள்ளியூர்ல ஒரு கண் ஆஸ்பத்திரியில நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுத வேலை பாக்கா. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் சம்பளம் போவும். போவட்டும். அவளா இழுத்துவிட்ட கேசுதான.

பணகுடிக்காரரு ஒருத்தரு, பெண்டாட்டி செத்துப்போனவரு, ஐ.டி.ஐ.ல வாத்தியாராம். இது முடிஞ்சதும் இவளைக் கட்டிக்கிடதாப் பேச்சு. வக்கீல் சொன்னாரு. "அவருக்கும் வயசு ஆவுது சார், நாளைக்கு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா எல்லாருக்கும் விடுதலை"ங்காரு. எனக்கு யாரு மேலயும் கோபம் கிடையாது அண்ணாச்சி. ஆனா இன்னும் ஒன்றரை லட்சம் பாயிண்ட் கிடக்கு. கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு இந்தப் பக்கம் வரப் போறேன்? பாயிண்ட் காலாவதி ஆயிரும்.

அதனால நாளைக்கும் தேதி கேக்கச் சொல்லியிருக்கேன். அடுத்த சீட்டு ஏப்ரல் கடைசியிலதான் இருக்கு. வாத்தியாரு அது வரைக்கும் இருக்கட்டும்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? அவளுக்குக் கதவைச் சாத்திட்டேன்னு நினைக்காதீங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. ஒவ்வொரு தடவை திரும்பிப் போவும்போதும் என் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டை அவ பேர்ல போட்டு வைப்பேன். இந்தத் தடவையும் போட்டிருக்கேன், வெள்ளிக்கிழமைக்கு. மனசு மாறுனா வரட்டும். வரலன்னா ரத்து பண்ணிருவேன். பாயிண்ட் அப்படியே கணக்குல திரும்ப ஏறிரும். எனக்கு ஒரு பைசா நஷ்டமில்ல.